ஆட்டுக்குட்டி கைக்கு வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஒரு பிள்ளையின் பொறுப்பில் விடப்பட்ட ஆட்டுக்குட்டி கைக்கு வராமல் விலகினாலோ, பாலைத் தொடாமல் நின்றாலோ, நாள் முழுவதும் கத்திக்கொண்டிருந்தாலோ, பெரியவர்கள் உடனே சொல்லிவிடுவது ‘அது முரட்டுக் குட்டி’ என்பதுதான். பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு தவறாகவே இருக்கும். குட்டியின் உடம்பில் ஏதோ கோளாறு இருக்கும். இல்லையென்றால் பிள்ளை அதை அணுகும் வேகம் அதற்கு ஒத்துவந்திருக்காது. இவ்விரண்டில் எது என்று பிரித்தறியாமல் பழக்கத் தொடங்கினால், நோயுற்ற குட்டியை மேலும் வருத்துவோம், அல்லது நலமாக இருக்கும் குட்டிக்கு வீணாக மருந்து புகட்டுவோம். எனவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும் முதலில் உடம்பையும் அதன்பின் பழக்கத்தையும் பார்க்கும் வரிசையே பின்பற்றப்பட்டுள்ளது.

வேலைப் பிரிவினையைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடுவது நல்லது. பால் கொடுப்பது, கூட அமர்ந்திருப்பது, கவனிப்பது, கவனித்ததை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது ஆகியவை பிள்ளையின் வேலை. வெப்பமானி வைப்பது, மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, வெப்ப விளக்கு மாட்டுவது ஆகியவை பெரியவரின் வேலை. குட்டியோடு அதிக நேரம் இருப்பது பிள்ளைதான் என்பதால், மாற்றத்தை முதலில் காண்பதும் பிள்ளையாகத்தான் இருக்கும். ‘இன்றைக்கு என்னவோ போல இருக்கிறது’ என்று பிள்ளை சொன்னால் அதைப் பெரியவர் தட்டிக்கழிக்கக் கூடாது.

எந்த அறிகுறிக்கும் முன்: தினமும் காலையில் பார்க்க வேண்டியவை

படுத்திருக்கும் குட்டியை மெதுவாக எழுப்பிப் பார்க்க வேண்டும். நலமான குட்டி எழுந்தவுடன் முன்கால்களை ஊன்றி, முதுகை ஒருமுறை வளைத்து, பின்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறிக்கும். வால் மேல்நோக்கி நிற்கும். அடுத்த நொடியே ஏதாவது ஒன்றை முகரப் போகும். சோம்பல் முறிக்காமல், முதுகைக் கூனிக்கொண்டு, வாலைத் தொங்கவிட்டு நிற்கும் குட்டிக்கு ஏதோ வலி இருக்கிறது என்று கொள்ளலாம். பற்களை நறநறவெனக் கடிப்பதும் வலியின் அடையாளமே.

அடுத்து, சுத்தமான விரலை அதன் வாய்க்குள் வைத்துப் பார்க்க வேண்டும். வாய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். விரலைச் சப்ப வேண்டும். ஆட்டுக்குட்டியின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மனிதரை விடச் சூடு அதிகம் என்பதால், நம் விரலுக்கு அதன் வாய் குளிர்ச்சியாகத் தெரிந்தால் அது உடனே கவனிக்க வேண்டிய செய்தி. வால் அடியில் ஈரமோ பிசுக்கோ இருக்கிறதா, தொப்புள் உலர்ந்திருக்கிறதா, இடப்பக்க வயிறு எப்படி இருக்கிறது என்பவற்றையும் பார்த்துவிட்டால் காலைச் சோதனை முடிந்தது.

குட்டி ஒரு மூலையிலேயே ஒடுங்கிப் படுத்திருக்கிறது

பிறந்து சில நாட்களே ஆன குட்டி என்றால் இது இயல்பாகவும் இருக்கலாம். வெள்ளாட்டுக் குட்டிகள் முதல் சில நாட்களில் புதர், பாறை, சுவர் ஓரம் என்று மறைவான இடத்தில் அசையாமல் கிடக்கும் இயல்பு கொண்டவை. தாய் மேய்ந்துவிட்டு வந்து அழைக்கும்போது எழுந்து பால் குடிக்கும். வேட்டை விலங்குகளின் கண்ணில் படாமல் இருப்பதற்காக வந்த இந்த வழக்கம், கொட்டிலில் பிறந்த குட்டியையும் விடுவதில்லை. ஆகவே மூலையில் படுத்திருப்பது மட்டுமே கவலைக்குரியதன்று. எழுப்பினால் சோம்பல் முறித்து, விரலைச் சப்பினால், பிள்ளை அருகே சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அதை அப்படியே தூங்கவிடலாம்.

எழுப்பியும் எழவில்லை, வாய் குளிர்ந்திருக்கிறது, தலை தொங்குகிறது என்றால் நிலைமை வேறு. பெரியவர் உடனே மலவாயில் வெப்பம் பார்க்க வேண்டும். 37.8 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால், முதலில் குட்டியைச் சூடேற்ற வேண்டும். பால் அதற்குப் பிறகுதான். பாவம் பசிக்கிறது என்று எண்ணிப் பாலைப் புகட்டுவதே இங்கே நேரும் பெரிய ஆபத்து. குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது. பால் செரிக்காமல் தேங்கும். விழுங்கும் வலு இல்லாததால் நுரையீரலுக்குள்ளும் போய்விடும். ஈரத்தைத் துடைத்து, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளை இருபுறமும் வைத்து, காற்றுப் படாத இடத்தில் போர்த்திவைத்து, வெப்பம் ஏறி, தலையைத் தானாகத் தூக்கி, விரலைச் சப்பத் தொடங்கிய பிறகே பாலுக்குப் போக வேண்டும். வெந்நீர்ப் புட்டி தோலைச் சுட்டுவிடாதபடி அடிக்கடி தொட்டுப் பார்ப்பதைப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம்.

உடல் வெப்பம் சரியாக இருந்தும், கழிச்சல் எதுவும் இல்லாமல், பிறந்து 3 முதல் 10 நாட்களுக்குள் கால்கள் துவண்டு பாலைச் சப்ப முடியாமல் போகும் குட்டிகளும் உண்டு. இரத்தத்தில் அமிலத்தன்மை மிகுவதால் வரும் இந்தத் துவளல் நோயை மருத்துவர் விரைவாகப் பார்த்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மூட்டுகள் வீங்கிச் சூடாக இருந்தால் தொப்புள் வழியாகக் கிருமி ஏறியிருக்கிறது என்று பொருள். பிறந்தவுடன் தொப்புள் கொடியை அயோடினில் முக்கி எடுப்பது இதைத் தடுப்பதற்காகத்தான்.

பிறந்த முதல் நாளே தாயை இழந்த குட்டி என்றால், அது சீம்பால் குடித்ததா என்பதை விசாரிக்காமல் எதையும் தொடங்கக் கூடாது. நோயை எதிர்க்கும் பொருட்கள் ஆட்டுக்குட்டிக்குத் தாயின் வயிற்றில் கிடைப்பதில்லை. சீம்பால் வழியாகத்தான் கிடைக்கின்றன. அவற்றை உறிஞ்சும் திறன் குடலில் மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பாலும், ஒரு நாளுக்குள் உடல் எடையில் சுமார் 10 விழுக்காடு அளவும் உள்ளே போயிருக்க வேண்டும். வேறொரு தாய் ஆட்டின் சீம்பாலும் இதற்கு உதவும்.

புட்டியில் பால் குடிக்க மறுக்கிறது

முதலில் பாலைப் பார்க்க வேண்டும். குட்டியைக் குறைசொல்வது பிறகு. பால் 38 முதல் 40 டிகிரி வரை, அதாவது மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டால் இதமான சூட்டில் இருக்க வேண்டும். ஆறிப்போன பாலைப் பல குட்டிகள் நாவால் தள்ளிவிடும். ரப்பர் காம்பின் துளை அடைத்திருக்கலாம். அல்லது மிகப் பெரிதாகி, குட்டியின் வாய் நிரம்பித் திணறியிருக்கலாம். புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகி ஓடக் கூடாது.

பாலும் காம்பும் சரியாக இருந்தால், அடுத்தது நிலை. குட்டி நான்கு கால்களில் நிற்க வேண்டும். புட்டி தாயின் மடி இருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். கழுத்து சற்றே மேல்நோக்கி நீண்டிருக்க வேண்டும். இப்படிச் சப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு பள்ளம் மடிந்து குழாய்போல் மூடிக்கொண்டு, பாலை முதல் இரைப்பைக்குள் விடாமல் நேராக நான்காம் இரைப்பைக்கு அனுப்பிவிடுகிறது. குழந்தைக்குக் கொடுப்பதுபோல் மடியில் மல்லாக்கப் போட்டுப் பால் கொடுக்கப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். படம் எடுக்க அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த நிலையில் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் வாய்ப்பு மிகுதி என்பதால் அதை அனுமதிக்கவே கூடாது.

தாயிடம் குடித்துப் பழகிவிட்டுப் பிறகு புட்டிக்கு மாறும் குட்டிதான் அதிகம் அடம் பிடிக்கும். அதற்கு ரப்பரின் மணமும் உணர்வும் அந்நியமானவை. ஒரு வேளை பாலைச் சற்றுத் தள்ளிப்போட்டு நல்ல பசி எடுக்கவிட்டு, பிள்ளை அதன் பின்புறமாக முழங்காலிட்டு அமர்ந்து, குட்டியைத் தன் இரு தொடைகளுக்கு நடுவில் இறுக்காமல் நிறுத்தி, ஒரு கையால் தாடையின் அடியைத் தாங்கி, காம்பிலிருந்து இரண்டு சொட்டுப் பாலை உதட்டில் தடவிக் காட்ட வேண்டும். தாடையைத் தாங்கிய கையைச் சற்று மேலே கொண்டுவந்து குட்டியின் கண்களை இலேசாக மறைத்தால், தாயின் வயிற்றடியில் முகம் புதைத்த இருட்டு கிடைப்பதால் சில குட்டிகள் உடனே சப்பத் தொடங்கும். வால் படபடவென்று ஆடத் தொடங்கினால் வேலை முடிந்தது என்று தெரிந்துகொள்ளலாம். முரட்டுத்தனமாக வாயைப் பிளந்து காம்பைத் திணித்தால் அன்றைய பால் மட்டுமல்லாமல், பிள்ளையின் கை மீதான நம்பிக்கையும் போய்விடும்.

அளவைப் பற்றி ஒரு சொல். ஒரு நாளைக்குக் குட்டியின் எடையில் 15 முதல் 20 விழுக்காடு பால் போதும். 3 கிலோ எடையுள்ள குட்டிக்கு 450 முதல் 600 மில்லி வரை. முதல் வாரத்தில் அதை நான்கு அல்லது ஐந்து வேளைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். குட்டி கேட்கிறதே என்று புட்டி புட்டியாகக் கொடுப்பதுதான் பாசமுள்ள பிள்ளைகள் வீட்டில் வரும் கழிச்சலுக்கு முக்கியக் காரணம்.

குடிக்கும்போது இருமல், மூக்கில் பால் வருகிறது

உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தி விட வேண்டும். காம்பின் துளை, கழுத்தின் நிலை இரண்டையும் சரிசெய்து மறுபடி சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். நிலையைச் சரிசெய்த பிறகும் ஒவ்வொரு வேளையும் மூக்கு வழியே பால் வந்தால் மேலண்ணத்தில் பிறவிப் பிளவு இருக்கிறதா என்று பெரியவர் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். அடுத்த ஓரிரு நாட்களில் காய்ச்சல், வேகமான மூச்சு, பாலில் நாட்டமின்மை தோன்றினால் பால் நுரையீரலுக்குள் போயிருக்கிறது. தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சாணம் இளகிப் போகிறது

எது கழிச்சல், எது கழிச்சல் இல்லை என்று பிள்ளைக்கு முதலில் காட்டிக்கொடுக்க வேண்டும். பிறந்த நாளில் வருவது கருமையான பிசின்போல் இருக்கும். அடுத்து, பால் மட்டுமே குடிக்கும் நாட்களில் மஞ்சள் நிறத்தில் ஒட்டும் பதத்தில் இருக்கும். தழை கொறிக்கத் தொடங்கியபின்தான் புழுக்கையாக உருளும். அந்த மஞ்சள் பிசுக்கு வாலோடு காய்ந்து மலவாயையே அடைத்துவிடுவது உண்டு. குட்டி வாலை உயர்த்தி முக்கிக்கொண்டு கத்தும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒற்றி வைத்து, ஊறியபின் துடைத்தால் போதும். இழுத்துப் பிய்த்தால் தோல் உரிந்துவிடும்.

தண்ணீராகப் பீய்ச்சுவது, நாற்றமடிப்பது, நுரையோ சளியோ இரத்தமோ கலந்திருப்பது ஆகியவைதான் கழிச்சல். இங்கே வயதே பாதி விடையைச் சொல்லிவிடும். முதல் சில நாட்களில் வந்தால் ஈ.கோலை போன்ற கிருமிகள். முதல் சில வாரங்களில் வந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் அல்லது ரோட்டா வைரஸ், கூடவே அதிகப் பால். மூன்று வாரத்துக்கு மேல், குறிப்பாகப் பால் மறக்கடிக்கும் நாட்களில் வந்தால் காக்சிடியா எனப்படும் ஒட்டுண்ணி. காக்சிடியா என்றால் இரத்தக் கழிச்சல் என்று பலரும் நினைப்பார்கள். இரத்தமே தெரியாமலும் அது குட்டியை வற்றடித்துவிடும்.

குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்புத்தான். கழுத்துத் தோலை இரு விரல்களால் தூக்கிவிட்டால் உடனே பழைய நிலைக்குப் போக வேண்டும். மடிப்பு அப்படியே நின்று மெல்லத் தணிந்தாலோ, கண்கள் குழிவிழுந்திருந்தாலோ நீர் குறைந்துவிட்டது. சப்பும் வலுவுள்ள குட்டிக்கு ஓஆர்எஸ் கரைசலை வெதுவெதுப்பாக, பால் வேளைகளுக்கு இடையில் தனியாகக் கொடுக்கலாம். பாலோடு கலக்கக் கூடாது. கலந்தால் பால் வயிற்றில் சரியாகத் திரையாது. பாலை நாட்கணக்கில் நிறுத்துவதும் தவறு, ஏனெனில் குட்டியின் சேமிப்பு மிகக் குறைவு. ஒரு வேளை அளவைக் குறைத்து இடைவெளி விடுவதே போதும். இரத்தம் தெரிந்தாலோ, குட்டி சப்ப மறுத்தாலோ, ஒரே நாளில் நிலைமை தேறாவிட்டாலோ மருத்துவரே வழி. நல்லபடி வளர்ந்த கொழுத்த குட்டி தீனி மாறிய சில நாட்களுக்குள் திடீரென வெட்டி இழுத்துச் சாவது துள்ளுமாரி நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சைக்கு நேரம் கிடைப்பதே அரிது, ஆனால் தடுப்பூசி உண்டு.

கழிச்சல் உள்ள குட்டியைப் பிள்ளை தொடக் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் மனிதருக்கும் தொற்றும். கைக்குத் தடவும் ஆல்கஹால் திரவம் அதைக் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் கைகளிலிருந்து அதைக் கழுவி நீக்கும்.

இடப்பக்க வயிறு உப்பியிருக்கிறது

பால் குடித்தபின் இருபுறமும் சற்றுத் திரண்டிருப்பது இயல்பு. இடப்பக்கம் விலாவுக்குப் பின்னால் உயர்ந்து, தட்டினால் மத்தளம்போல் ஒலித்து, குட்டி வயிற்றை உதைத்துக்கொண்டு படுப்பதும் எழுவதுமாக இருந்தால் அது உப்புசம்; அவசரநிலை. பிள்ளையின் வேலை ஓடிவந்து சொல்வது ஒன்றுதான். பெரியவர் மருத்துவரை அழைத்துக்கொண்டே, குட்டியின் முன்பக்கம் உயரமாக இருக்கும்படி நிறுத்தி, இடப்பக்கத்தைத் தேய்த்துவிடலாம். தீனிப் பெட்டியின் மூடியைப் பிள்ளை திறந்துவைத்துவிட்டுப் போனதா, ஈரப் பசுந்தழையைப் பசித்த வயிற்றில் அள்ளிப் போட்டார்களா என்று அப்போதே கேட்டு வைத்தால் மருத்துவருக்கு உதவும். பிள்ளையைத் திட்டாமல் கேட்டால்தான் உண்மை வரும்.

ஓயாமல் கத்துகிறது

பசி, குளிர், வலி மூன்றும் இல்லை என்று உறுதியாகிவிட்டதா? அப்படியானால் தனிமை. ஆடு கூட்டத்தில் வாழும் விலங்கு. ஒற்றைக் குட்டியாக வளர்க்கப்படுவது அதற்குப் பெரும் துன்பம். பிள்ளை பள்ளிக்குப் போனதும் கத்தத் தொடங்கி, திரும்பியதும் நிறுத்தும் குட்டியைக் கண்டு ‘எவ்வளவு பாசம்’ என்று மகிழ்வார்கள்; அதை நான் பாசம் என்று சொல்லத் தயங்குவேன். துணையின்றி அது அஞ்சுகிறது. இரண்டாவது குட்டி ஒன்றைச் சேர்ப்பதே உண்மையான தீர்வு. இரண்டு இருந்தால் பிள்ளையிடம் பழகாது என்ற அச்சம் வேண்டாம். துணையிருப்பதால் துணிவு பெற்ற குட்டி புதியவரை நோக்கி எளிதாக வரும். குட்டிகளின் குரலும் கூட்டத்தைப் பொறுத்ததே. ஒரே குழுவில் வளரும் குட்டிகளின் கத்தல் நாளடைவில் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்று 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது. பிள்ளை கூர்ந்து கேட்டால் பசிக் கத்தலுக்கும் தேடும் கத்தலுக்கும் வேறுபாடு விரைவில் பிடிபட்டுவிடும்.

கத்தும்போதெல்லாம் புட்டியை நீட்டினால், கத்தினால் பால் வரும் என்று குட்டி கற்றுக்கொள்ளும். கத்தல் ஓய்ந்த ஒரு கணத்தில் உள்ளே நுழைவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

அருகில் போனாலே ஓடுகிறது

பிள்ளையை அதிகம் வாட்டும் குறை இதுதான். உடம்பு நலம் என்று உறுதியானபின், குட்டியின் கண்ணிலிருந்து தொடங்கலாம். ஆட்டின் கண்மணி கிடைமட்டமான கோடுபோல் இருக்கும். தலையைத் திருப்பாமலே ஏறத்தாழ 320 முதல் 340 டிகிரி வரை அதனால் பார்க்க முடியும். குனிந்து மேயும்போதும் விழி சுழன்று அந்தக் கோட்டைத் தரைக்கு இணையாகவே வைத்துக்கொள்கிறது. பிள்ளை அருகே அமர்ந்து பார்த்தால் இதைத் தன் கண்ணாலேயே காணலாம். எங்கிருந்து ஆபத்து வந்தாலும் தெரிய வேண்டும் என்று அமைந்த அந்தக் கண்ணுக்கு, நின்ற உயரத்தில் கைகளை விரித்துக்கொண்டு நேராக வரும் பிள்ளை ஒரு வேட்டை விலங்காகவே தெரியும். பின்புறத்தில் சிறு குருட்டுப் பகுதி இருப்பதால், பின்னாலிருந்து தொடுவது அதைவிடக் கெடுதல்.

ஆகவே முதல் விதி, துரத்தவே கூடாது. துரத்திப் பிடித்த ஒவ்வொரு முறையும், ஓடியது சரிதான் என்று குட்டி உறுதிசெய்துகொள்கிறது. பிடித்தே ஆக வேண்டிய நாளில், மருந்துக்கோ ஊசிக்கோ, பெரியவரே பிடிக்கட்டும். அந்த நேரத்தில் பிள்ளை அங்கே இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. காலைப் பிடித்து இழுப்பதும் கொம்பு முளையைப் பிடிப்பதும் யாருக்கும் கூடாது.

சிறிய, அடைப்பான இடத்தில் பிள்ளை தரையில் உட்கார வேண்டும். குட்டியை நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி, ஏதாவது ஒன்றைத் தாழ்ந்த குரலில் வாசிக்கலாம்; பாடப் புத்தகமே போதும். ஒரு நாளில் 10 அல்லது 15 நிமிடங்களாக இரண்டு வேளை, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். நீண்ட ஒரே அமர்வை விட இது பலன் தரும். குட்டி முதலில் முதுகுப் பக்கமாகத்தான் வரும். சட்டை நுனியை முகரும், தலைமுடியைக் கவ்விப் பார்க்கும். இந்த இடத்தில்தான் எல்லாப் பிள்ளைகளும் அவசரப்பட்டுக் கையை நீட்டிவிடுவார்கள். நீட்டக் கூடாது. குட்டி வந்து முகர்ந்து தானாக விலகிப் போய், மறுபடி வரும்வரை கை மடியிலேயே இருக்க வேண்டும். மறுமுறை வரும்போது உள்ளங்கையைத் தரையோடு தாழ்வாகத் திறந்து வைத்தால், ஈரமான மூக்கின் சூடான மூச்சு விரல்களில் படும். பிறகு உதடுகள் மட்டும் அசைந்து விரல் நுனியைத் துழாவும். அதற்கும் பிறகுதான் தொடுதல், அதுவும் நெஞ்சிலும் கழுத்தின் பக்கவாட்டிலும். தலைக்கு மேலாக வரும் கையைக் குட்டி அஞ்சும். மாறாக, முன்னங்கால்களுக்கு இடையே நெஞ்சைச் சொறிந்துவிட்டால் கண்களைப் பாதி மூடிக்கொண்டு சாய்ந்துவிடும்.

முகம் சுளிக்காமல் இருப்பதும் இதில் ஒரு பகுதி. 2018ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சிரித்த முகத்தின் படத்தையும் சினந்த முகத்தின் படத்தையும் ஆடுகள் முன் வைத்தபோது, அவை சிரித்த முகத்தையே கூடுதலாக நாடின. அந்த ஆடுகளுக்குப் படத்திலிருந்தவர் யார் என்றே தெரியாது.

பிறந்த முதல் வாரத்திலிருந்து கைபட்டு வளர்ந்த குட்டி ஓரிரு நாட்களில் ஒட்டிக்கொள்ளும். தாயோடு இரண்டு மாதம் மனிதவாடையின்றித் திரிந்த குட்டிக்கு வாரங்கள் ஆகலாம், அதிலும் தாயே அஞ்சும் குணமுடையது என்றால் குட்டி அவளைப் பார்த்தே ஓடும். அங்கே முதலில் தாயைத்தான் பழக்க வேண்டும். உள்ளங்கையில் அடர் தீவனம் (தானியம், பிண்ணாக்குக் கலவை) வைத்து வசப்படுத்துவது விரைவான வழியாகத் தோன்றினாலும், ஒரு சிட்டிகைக்கு மேல் போகக் கூடாது. தீவனம் மிகுந்தால் வயிறு கெடும். கிடாக்குட்டிக்குச் சிறுநீர்ப் பாதையில் கல்லும் தோன்றலாம். அவிழ்த்துப் போட்ட தழை ஒரு கொத்து அதே வேலையைச் செய்யும், நச்சுச் செடி அல்ல என்பது உறுதியாக இருந்தால். அரளி ஒரு சில இலைகளே உயிரைப் பறித்துவிடும்.

மேலே தாவுகிறது, தலையால் முட்டுகிறது

புட்டியை முட்டுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். பால் சுரப்பதற்காகத் தாயின் மடியை முட்டும் அதே பழக்கம் அது. ஆட்களை முட்டுவதுதான் திருத்த வேண்டியது. பெரும்பாலும் இதைக் கற்றுக்கொடுத்தவரே பிள்ளைதான்: நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ளி விளையாடுவது குட்டியின் மொழியில் சண்டைக்கு அழைப்பு. 3 கிலோவில் சிரிப்பு மூட்டும் விளையாட்டு, வளர்ந்த கிடாவிடம் எலும்பை முறிக்கும். நெற்றியைத் தொடுவதை அடியோடு நிறுத்திவிட்டு, குட்டி தலையைத் தாழ்த்தியவுடன் பிள்ளை எழுந்து முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் விலகி வெளியேறிவிட வேண்டும். தாவுவதற்கும் இதுவே மருந்து. நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் சொறிதலும் பாலும் கிடைக்க வேண்டும். வீட்டில் ஒருவர் தாவவிட்டு மகிழ்ந்தாலும் இது பலிக்காது. ஏறிக் குதிக்க ஒரு மரப்பெட்டியோ கல்மேடோ வைத்துக் கொடுத்தால் அந்த ஆர்வம் அங்கே திரும்பும்.

கயிறு கட்டினால் படுத்துவிடுகிறது

கழுத்துப்பட்டையை மட்டும் சில நாள் மாட்டிப் பழக்கிய பிறகே கயிறு சேர வேண்டும். பிள்ளை இழுக்காமல், கயிற்றில் மெல்லிய இறுக்கம் மட்டும் கொடுத்து நிற்க, குட்டி ஓர் அடி எடுத்துவைத்த அதே நொடியில் கயிற்றைத் தளர்த்த வேண்டும். நடந்தால் இறுக்கம் விலகும் என்று குட்டிக்குப் புரிவது அந்தத் தளர்த்தலில்தான். தரையில் இழுத்துச் சென்றால் மூச்சுக்குழாய் நெரியும். ஆளில்லாத நேரத்தில் குட்டியைக் கட்டிப்போட்டு விடக் கூடாது. கயிறு சுற்றிக்கொண்டு இறக்கும் குட்டிகள் உண்டு. நடைபழகிய பிறகு பட்டையைக் கழற்றிவிட்டே கொட்டிலில் விட வேண்டும்.

சட்டைப் பொத்தான், பை, நூல் என்று எதையும் வாயில் வைப்பது ஆர்வத்தால். கைகள் இல்லாத விலங்கு உதட்டால்தான் தொட்டுப் பார்க்கும். நெகிழிப் பையும் கட்டுக் கயிறும் வயிற்றுக்குள் போகாதபடி இடத்தைச் சுத்தமாக வைத்தால் போதும்.

பிள்ளையின் கையில் புண், குட்டியின் உதட்டில் பொருக்கு

குட்டியின் உதட்டோரத்திலும் மூக்கைச் சுற்றியும் தடித்த பொருக்குகள் தோன்றினால், ஆர்ஃப் என்னும் வைரஸ் அம்மையாக இருக்கலாம். அது மனிதக் கைக்கும் தொற்றிப் புண்ணாகும். பொருக்கை உரிக்காமல், கையுறை இல்லாமல் தொடாமல், மருத்துவரிடம் காட்டும்வரை அந்தக் குட்டிக்குப் பால் கொடுப்பதைப் பெரியவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். வட்ட வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரை. அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நலமான குட்டி என்றாலும் முகத்தோடு முகம் வைத்து முத்தமிடுவதும், காய்ச்சாத பாலைப் பிள்ளை சுவைத்துப் பார்ப்பதும் கூடாது.

நேற்றுவரை மடியில் ஏறிய குட்டி இன்று விலகுகிறது

இதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் அழுதே விடுவார்கள். ஆனால் பழகிய குட்டியின் விலகல் நோயின் முதல் அறிகுறியாக இருப்பது மிகச் சாதாரணம். காலைச் சோதனையை முழுமையாக மறுபடி செய்ய வேண்டும். கூடவே கீழ் இமையை இலேசாக விலக்கி உட்புற நிறத்தைப் பார்க்க வேண்டும். செம்மை மங்கி வெளிறியிருந்தால், தாடைக்குக் கீழே நீர் கோத்து வீங்கியிருந்தால், இரத்தம் உறிஞ்சும் குடற்புழுக்கள் பெருகியிருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் உருவாகி உலகம் முழுவதும் பயன்படும் ஃபாமாச்சா என்னும் அட்டை இந்த இமை நிறத்தை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. மருத்துவர் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் பெரியவர் அதைக் கையாளலாம், நிறத்தை ஒப்பிட்டுச் சொல்வதில் பிள்ளையின் கண் பெரும்பாலும் கூர்மையாகவே இருக்கும். கிடாக்குட்டி முதுகை வளைத்து முக்கியும் சிறுநீர் சொட்டுச் சொட்டாகவே வந்தால், காத்திருக்கவே கூடாது.

உடம்பில் குறை இல்லை என்றால், அண்மையில் ஊசி போட்டபோதோ கொம்பு முளையை நீக்கியபோதோ பிள்ளையே பிடித்துக்கொண்டிருந்ததா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் சில நாட்கள் மீண்டும் தரையில் உட்கார்ந்து வாசிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். முதல்முறையை விட விரைவாகவே திரும்பி வரும். எட்டு முதல் பத்து வாரத்தில் பால் மறந்த குட்டி புட்டிக்காக ஓடிவருவது நின்றுவிடுவதும் இயல்பே. கிடாக்குட்டி மூன்று, நான்கு மாதத்திலேயே பருவமடையக்கூடும் என்பதால் அதன் குணம் மாறும். அதற்குள் விதையடிப்பது பற்றியும் பெட்டைக் குட்டிகளிடமிருந்து பிரிப்பது பற்றியும் பெரியவர் முடிவெடுத்திருக்க வேண்டும்.

மருத்துவரை அழைக்கும்போது பிள்ளையின் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குட்டியின் வயது, எடை, கடைசியாகப் பால் குடித்த நேரமும் அளவும், உடல் வெப்பம், சாணத்தின் தன்மை, புதிதாகக் கொடுத்த தீனி, முதலில் மாறியது எது, எப்போது என்பவற்றை இந்த வரிசையில் சொன்னால் போதும். கடைசிக் கேள்விக்கு மட்டும் தொலைபேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம்.